அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள்

இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே என் கணவர், "அது முடிஞ்ச கதை, விடுமப்பா" என்பார். முடிந்த கதையாம். குழப்பினவரே அப்படிச் சொல்லும்போது எனக்கு உச்சியில் ஏறுகிறது.

என் அக்கா லண்டனில் இருக்கிறாள். அவளும் அத்தானும் அங்கே ஒரு சின்னக் கடை வைத்திருந்தார்கள். பால், பாண், பத்திரிகை, லொத்தர் சீட்டு, பின்சுவர் முழுக்க மதுப் போத்தல்கள். காலையில் திறந்தால் இரவு பூட்டும்வரை இரண்டு பேரில் ஒருவர் காசுப்பெட்டிக்குப் பின்னால் நிற்கவேண்டும். நத்தாருக்கும் அரைநாள் திறந்திருந்த கடை அது. நான் கனடாவுக்கு, மொன்றியலின் லாசால் பகுதிக்கு வந்து, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற வயதுக்கு வந்த பிறகும் அக்கா ஒருதரம்கூட இங்கே வரவில்லை. கேட்டால், "கடையை ஆர் பாக்கிறது?" என்பாள். போன வருடம் கடையை விற்றார்கள். வயதாகிவிட்டது, ஓய்வெடுக்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மையை அக்கா என்னிடம்தான் சொன்னாள்.

"ரெண்டு கிட்னியும் இனி இழுக்காதாம். கெதியிலை மிசினிலை போடப் போறாங்கள். அதுக்கெண்டு கையிலை ஒப்பரேசனும் செய்தாச்சு" என்றாள், ஏதோ வீட்டுக்குப் புதுத் தண்ணீர்க்குழாய் போட்ட மாதிரி.

இரத்தத்தைச் சுத்திகரிக்கும் அந்த மெசினில் போடத் தொடங்கினால் கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில்தான். அதற்கு முன்னர் ஒரு சின்னப் பயணத்துக்கு டொக்டர் சம்மதித்திருந்தார். "உன்னட்டை ஒருக்கா வந்திட்டுப் போறன், நாலு நாள்தான்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கொரு ஆசை இருக்கு. சிரிக்காதே" என்றாள்.

"சொல்லுங்கோ."

"இவ்வளவு காலமும் உந்த வைன் போத்தலுகளை அடுக்கி, துடைச்சு, வித்துப்போட்டன். உது விளையிற இடத்தை ஒருநாளும் பாத்ததில்லை. உங்கட பக்கத்திலையும் தோட்டங்கள் இருக்காம். ஒரு தோட்டத்துக்கை நடந்து பாக்கோணும். அண்டைக்கு அங்கயே ஏதாவதொரு சின்ன ஹோட்டல்லை படுக்கோணும். நானும் சமைக்கக் கூடாது, என்னைச் சாப்பிடு சாப்பிடெண்டு ஆரும் நிக்கவும் கூடாது. என்னை அங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்கவும் கூடாது."

சிரிக்கவில்லை நான். அடுத்து அவள் ஒரு கட்டளையும் போட்டாள்.

"வருத்தத்தைப் பற்றி ஒருத்தருக்கும் மூச்சு விடாதே. உன்ர மனுசனுக்கும்தான். அவருக்குத் தெரிஞ்சா பேந்து லாசால் முழுக்கத் தெரியும். எல்லாரும் வந்து கையைப் பிடிச்சு அழுவினம். நான் அதுக்கு அங்க வரேல்லை."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

முதன்முறை வருகிறவர்களுக்குத் திட்டம் போடுவதில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. எல்லாவற்றையும் காட்டக்கூடாது. எங்கள் ஆட்கள் விருந்தாளியை விமானத்திலிருந்து இறக்கிய கையோடு பெரிய கோயில், சின்னக் கோயில், ஒலிம்பிக் மைதானம், கசினோ என்று வாசல் வாசலாக நிறுத்திப் படம் எடுத்து, மூன்றாம் நாள் நயாகராவுக்கும் ஓட்டிக்கொண்டு போவார்கள். வந்தவருக்கு ஊர் திரும்பியபின் ஞாபகம் இருப்பது கார் இருக்கையின் நிறம் மட்டும்தான். நான் அப்படிச் செய்யப் போவதில்லை என்று தீர்மானித்தேன். வியாழன் வந்து இறங்கினால் படுத்து எழும்பட்டும். வெள்ளிக்கிழமை காலை மெத்ரோ ரயிலில் பழைய மொன்றியலுக்குப் போய், கல் பதித்த தெருக்களில் காலை நோகடிக்காமல், ஆற்றங்கரை வாங்கில் ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பது. பின்னேரம் பஸ்ஸில் மலைக்கு ஏறி நகரத்தை மேலிருந்து பார்ப்பது. அவ்வளவுதான் நகரம். சனிக்கிழமை காலை வாகன நெரிசல் குறைந்தபின் வெளிக்கிட்டு, ஆற்றுப்பாலம் தாண்டி, டன்ஹம் பக்கம் ஒரே ஒரு திராட்சைத் தோட்டம். மூன்று தோட்டம், ஐந்து தோட்டம் என்று ஓடுகிற வேலை இல்லை. அன்று இரவு அங்கேயே விடுதியில். ஞாயிறு ஆறுதலாகத் திரும்பி, திங்கள் பின்னேரம் விமானம்.

நான் வேலை செய்வது லாசாலில் ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில். அங்கே மதிய இடைவேளையில் ஒதுங்கி நின்று ஒவ்வொரு இடத்துக்கும் நானே போன் எடுத்தேன். தோட்டத்துப் பெண்மணியிடம், அறுவடை நேரத்தில் கொடிவரிசைகளுக்குள் நடக்க விடுவீர்களா என்று கேட்டேன். தாராளமாக நடக்கலாம், வரிசை முடிவில் நிழலில் ஒரு வாங்கும் இருக்கிறது என்றார். விடுதியில் சமைக்கிறவரிடம், என் சகோதரிக்கு உப்புக் கூடாது, தக்காளி கூடாது, கீரை, உருளைக்கிழங்கு கூடாது, தண்ணீரும் அளவோடுதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த மனுசி ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மீன் பிடிக்குமா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவருக்கு அது அரை நிமிட வேலையாக இருந்தது.

இனி என் கணவருக்கு வருவோம். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் "ஏலாது" என்ற சொல் அவர் வாயில் வராது. யார் என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து முழிப்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மொன்றியலில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அக்காவும் அத்தானும் வருகிறார்கள் என்று அவர் அதில் போட்டார். படத்தோடு போட்டார். விமானம் வரும் நேரத்தோடு போட்டார்.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் வந்தால், தெரிந்த வீடு ஒவ்வொன்றிலும் அவர் கை நனைக்கவேண்டும். ஒரு தேத்தண்ணியோடு எழும்பி வரமுடியாது. ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் போனால், அந்த இன்னொரு வீட்டார் அடுத்த கலியாணத்தில் எங்களைக் கண்டு முகத்தைத் திருப்புவார்கள். மொன்றியலுக்கு வந்துபோகிற எங்கள் ஆட்கள் மொன்றியலைப் பார்ப்பதே இல்லை. வரவேற்பறைகளைத்தான் பார்க்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதே பெரிய டிவி, அதே கலியாண அல்பம், அதே "வடிவாச் சாப்பிடுங்கோ".

"ஆரைக் கேட்டு உதைப் போட்டனீங்கள்?" என்றேன்.

"சொந்தக்காரருக்குச் சொல்லாமல் விடேலுமே? பேந்து கோவிப்பினம்."

"அக்காவுக்கு ஏலாது. பிரசர் இருக்கு. அவ ஆறுதலா நிண்டிட்டுப் போக வாறா."

"ஒரு வாய் சாப்பிட்டா என்ன வந்திடப் போகுது?"

அந்த ஒரு வாய். அந்த ஒரு வாயைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எனக்குச் சத்தியம் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது.

வியாழன் பின்னேரம் விமான நிலையத்தில் அக்கா வந்து நின்ற கோலத்தைப் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. செப்டெம்பர் வெயிலிலும் கம்பளிச்சட்டை, கை மணிக்கட்டு வரை. நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைக்க நினைத்தால், காருக்குள் ஏறியதும் என் கணவர் சொல்கிறார்: "போற வழியிலை அக்கா வீட்டை ஒருக்கா ஏறிப்போட்டுப் போவம். சமைச்சு வைச்சுக்கொண்டு இருக்கினம்."

அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், இருப்பது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். விமான நிலையத்திலிருந்து லாசால் ஒரு பக்கம், டொலார்ட் மற்றப் பக்கம். போகிற வழியாம். மண்ணாங்கட்டி வழி.

அங்கே மேசையில் பிட்டு, நண்டுக் குழம்பு, தேங்காய்ப்பால் விட்ட கீரை, வடை, வாழைப்பழச் சீப்பு. அக்காவுக்குக் கூடாததெல்லாம் ஒரே மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிச் சாப்பிட்டாள். மச்சாள் பக்கத்தில் நின்று, தட்டில் இடம் தெரியவிடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். "லண்டன்காரருக்கு எங்கட சாப்பாடு பிடிக்காது போலை" என்று ஒரு குத்தல் வேறு. அதைக் கேட்டதும் அக்கா இன்னும் ஒரு வடையை எடுத்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் வருகிறவரே அவர்தான். பழைய பள்ளிக்கூட நண்பர் ஒருவர் பக்கத்தில் கிடைத்த சந்தோசத்தில் நண்டுக்காலை உடைத்துக்கொண்டு இருந்தார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மெத்ரோவில் ஏறவில்லை. காலைச் சாப்பாடு லாசாலிலேயே மேல்மாடியில் ஒரு வீட்டில். அங்கே இருந்து எழும்ப முன்னரே போன். பதினொரு மணிக்கு வேறொரு வீட்டில் தேத்தண்ணியும் மீன் அடைத்த பற்றிசும். மத்தியானம் புவாண்ட்-கிளேரில், புது வீடு வாங்கிய ஒருவர் நிலவறைவரை இறக்கிக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட விட்டார். பின்னேரம் இன்னும் இரண்டு வீடு. நான் போன இடமெல்லாம் "அக்காவுக்குப் பிரசர், உப்புக் கூடாது" என்று சொல்லிப் பார்த்தேன். "எங்களுக்கும்தான் பிரசர்" என்றார்கள். "ஒருநாளைக்கு ஒண்டும் செய்யாது" என்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அது ஒருநாள்தான். அக்காவுக்கு அது எத்தனையாவது வீடு என்று யாருக்கும் கணக்கில்லை.

நகரத்தை அன்றைக்கு அவள் பார்த்தது கார்க் கண்ணாடிக்குள்ளால். முக்கால்வாசியும் வீதிவேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகள். நெடுஞ்சாலையில் போகும்போது என் கணவர் ஒரு கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து விரலை நீட்டி, "அதுதான் மலை" என்றார். அக்கா, "வடிவா இருக்கு" என்றாள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் அவளுடைய காலைப் பிடித்துப் பார்த்தேன். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் சொல்லப் போறன். இனி என்னாலை ஏலாது."

"பொறு. நாளைக்கு அங்கதானே போறம்" என்றாள். "நாளைக்கு ஒருத்தரும் இல்லைத்தானே."

இதைக் கேட்டுக்கொண்டு நான் எழும்பிப்போய்ச் சமையலறையில் ஒரு சட்டியை எடுத்து உரஞ்சத் தொடங்கினேன். அழுக்கில்லாத சட்டி அது.

சனிக்கிழமை காலை பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நாலுபேரும் வெளிக்கிட்டோம். கணவர் ஓட்டினார், அத்தான் முன்னுக்கு, நானும் அக்காவும் பின்னுக்கு. பாலம் தாண்டியதும் அக்கா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். சோளத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல்முறையாக முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் காரின் ஒலிபெருக்கியில் போன் அடித்தது. மச்சாளின் குரல்.

"நாங்கள் வந்திட்டம். நல்ல நிழலாப் பாத்து மேசையும் பிடிச்சாச்சு. நீங்கள் எங்க நிக்கிறியள்?"

நான் கணவரின் பின்தலையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"ஆர் வந்திட்டினம்?" என்றேன்.

"இல்லை... ஆப்பிள் புடுங்க இந்தப் பக்கந்தானே எல்லாரும் ஒவ்வொரு வருசமும் வாறது. இந்தமுறை இண்டைக்கே வந்தா உங்களோடையும் நிண்ட மாதிரி இருக்குமெண்டு கேட்டினம்."

"தோட்டத்தின்ர விலாசத்தை ஆர் குடுத்தது?"

குழுவில் போட்டிருக்கிறார். வேறு என்ன. அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டாள். அத்தான், "சனத்தோடை போனாத்தானே கலகலப்பு" என்றார். கார் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் தப்பினார்.

போய் இறங்கினால் வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்களின் மூன்று வான். மரத்துக்குக் கீழே மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, பெரிய சட்டிகளை இறக்கி, அகப்பைகளோடு நின்றார்கள். ஒரு போத்தல் வாங்கினால் சொந்தச் சாப்பாட்டைத் தோட்டத்து மேசையில் சாப்பிடலாம் என்பது அங்கத்தைய முறை. இருபதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஒரே ஒரு போத்தலை வாங்கி நடுவில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கொடிகளுக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடி, வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் ஏச்சு வாங்கியிருந்தார்கள். நான் போனில் பேசிய பெண்மணி என்னிடம் வந்து, பொன்ஜூர் சொல்லி, மிக மரியாதையாக, "இவர்கள் உங்களோடு வந்தவர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க, மச்சாள் அங்கிருந்து கையைக் காட்டி, "இஞ்ச வாங்கோ, ஆறப்போகுது" என்றார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அக்காவைக் கொண்டுபோய் மேசைத் தலைப்பில் இருத்தினார்கள். தட்டு வந்தது. பிரியாணி, பொரித்த மீன், கத்தரிக்காய்க் குழம்பு, பக்கத்தில் உப்பில் ஊறிய மாங்காய். ஐந்தாறு எட்டு வைத்தால் கொடிவரிசை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பப் போனவளின் தோளை ஒரு கை அமத்தியது. "முதல் சாப்பிடுங்கோ. அது எங்க ஓடப்போகுது."

"எனக்குக் காணும்" என்றாள் அக்கா.

"என்ன காணும்? தொடவேயில்லை" என்று மச்சாள் இன்னும் ஒரு அகப்பையைத் தட்டில் கொட்டினார்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். கம்பளிச்சட்டையின் இடது கையை மெல்ல முழங்கைக்கு மேலே சுருட்டினாள். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி நரம்பு கயிறாகத் தடித்துக் கிடந்தது.

"இதிலை ஒருக்காக் கையை வைச்சுப் பாருங்கோ" என்றாள் மச்சாளிடம்.

மச்சாள் விரலை வைத்தார். உள்ளே இரத்தம் இரைவது விரலுக்குத் தெரியும். சட்டென்று எடுத்துவிட்டார். "இதென்ன?"

"என்னை மிசினிலை பூட்டிற இடம். ரெண்டு கிட்னியும் போட்டுது. கெதியிலை தொடங்கப் போறாங்கள். நீங்கள் எல்லாரும் தந்த உப்பும் தேங்காய்ப்பாலும் வெளியிலை போறதுக்கு எனக்குள்ளை வழியில்லை. நான் இஞ்ச வந்தது இந்தத் தோட்டத்தைப் பாக்க."

குரலை அவள் உயர்த்தவில்லை. கடையில் மிச்சக் காசைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற அதே குரல். ஒரு ஆள் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். என் கணவரின் முகம் செத்துப்போயிருந்தது. மச்சாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், பிறகு சொன்னார்:

"ஐயோ, அப்ப குழம்பை விடுங்கோ. வெறுஞ்சோத்துக்குத் தயிரை விட்டு ஒரு வாய் சாப்பிடுங்கோவன். வெறும் வயித்தோடை இருக்கக் கூடாது."

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு நாள் அடக்கியது முழுக்க வெளியே வந்தது. தட்டைத் தூக்கி மேசையின் மறுமுனையில் வைத்தேன். "ஒரு வாய், ஒரு வாய் எண்டு சொல்லியே ஒரு மனுசியைக் கொல்லப் பாத்தியள். வேண்டாம் எண்டு அவ எத்தினை வீட்டிலை சொன்னவ? ஒரு வீட்டிலையாவது ஆரும் கேட்டனீங்களோ? உங்களுக்கு அவ வாறது வேணும், சாப்பிடுறது வேணும், படம் வேணும். அவவுக்கு என்ன வேணுமெண்டு ஒருத்தர் கேட்டனீங்களோ?"

"எனக்கேன் நீர் சொல்லேல்லை?" என்றார் என் கணவர்.

"சொல்லியிருந்தா அதையும் குறூப்பிலை போட்டிருப்பியள்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "அவதான் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ" என்று முணுமுணுத்தார்.

"சொல்லவேண்டாம் எண்டா, அவவின்ர தட்டை வாங்கி நீங்கள் சாப்பிட்டிருக்கலாமே அத்தான். நல்லாத்தானே சாப்பிட்டனீங்கள்."

அத்தானை அப்படி நான் வாழ்க்கையில் பேசியதில்லை. இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

அக்கா எழும்பிக் கொடிவரிசைக்குள் நடந்தாள். மேசையிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் அழுதுகொண்டு பின்னால் எழும்பினார்கள். நான் போய் வரிசையின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது" என்றேன். "நாங்கள் சும்மா கையைப் பிடிச்சு ஒரு சொல்லு..." என்றார் ஒருவர். "பிடிக்கவேண்டாம்" என்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நாசமாய்ப் போன அந்தப் பிரியாணி வாசனை தோட்டம் முழுக்க வீசிக்கொண்டு இருந்தது.

அக்கா அந்த வரிசையின் முடிவுமட்டும் மெதுவாகப் போனாள். அங்கங்கே நின்றாள். கறுத்த குலை ஒன்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். வாங்கில் போய் இருந்தாள். நெடுநேரம் இருந்தாள். திரும்பி வந்தபோது, "இலை இவ்வளவு பெரிசா இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை" என்றாள். அந்தப் பெண்மணி சின்னக் கிளாஸில் ஒரு மிடறு சிவப்பு வைன் கொண்டுவந்து கொடுத்தார். டொக்டர் அதற்கு மட்டும் விட்டிருந்தார். அக்கா நாக்கில் வைத்து, முகத்தைச் சுழித்து, "உதையோ நாங்கள் அந்த விலைக்கு வித்தனாங்கள்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு நான் என் கணவரிடம் போய்க் கையை நீட்டி, "சாவியைத் தாங்கோ" என்றேன். தந்தார். "நீங்களும் அத்தானும் வானிலை ஏறிப் போங்கோ. ஆப்பிளும் புடுங்குங்கோ."

விடுதியில் எங்களுக்கு முற்றத்துப் பக்க அறை. சமைக்கிற மனுசி, சொன்னபடியே உப்பில்லாத மீனையும் கொஞ்சம் சோற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். திரும்ப வந்து நிற்கவில்லை. அக்கா பாதியைச் சாப்பிட்டு, பாதியை வைத்தாள். மிச்சம் வைத்ததற்கு அங்கே யாரும் முகம் வாடவில்லை. எட்டு மணிக்கே படுத்துவிட்டாள். வீங்கிப் போயிருந்த அந்தக் கால்களுக்குக் கீழே தலையணையை வைத்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கவலை ஒரு பக்கம் இருந்தது. ஆத்திரம்தான் கூட.

ஞாயிறு காலை போனைத் திறந்தால் குழுவில் அக்காவைப் பற்றி வந்து குவிந்திருந்தது. கும்பிட்ட கைகள், கோவிலில் அருச்சனை, சென்னையில் நல்ல டொக்டர், பாகற்காய்ச் சாறு, யாரோ ஒருவரின் மாமா இதே வருத்தத்தில் செத்த விபரம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இனி நான் அவைக்கு வருத்தக்காரி" என்றாள். அதற்குள் என் கணவர் எடுத்தார்.

"எத்தினை மணிக்கு வாறியள்? பின்னேரம் ஒரு வீட்டிலை சொல்லியிருந்தனான். அவை உளுந்தும் ஊறப்போட்டிட்டினம். உப்பில்லாமல் தோசை சுடுவினமாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒரு நாள் நிக்க விடுவினமோ, கேள்" என்றாள்.

"நாங்கள் வரேல்லை" என்றேன் போனில். "நாளைக்கு நேரே விமான நிலையத்துக்கு வாறம். சூட்கேசையும் அத்தானையும் அங்க கொண்டு வாங்கோ."

"அப்ப உளுந்து?"

"அதை அரைச்சு உங்கட குறூப்பிலை போடுங்கோ" என்று வைத்துவிட்டேன்.

அன்று முழுக்க நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கிராமத்து வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தோம், இருந்தோம், அவள் படுத்தாள், எழும்பினாள். கடை திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தனக்கு வந்ததில்லை என்றாள். திங்கள் மத்தியானம் வெளிக்கிடும்போது கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, "நல்லா இருந்ததடி" என்றாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

போய் மூன்றாம் கிழமை மெசினில் போட்டார்கள். இப்போது கிழமைக்கு மூன்று நாள் அங்கேதான். மற்ற நாட்களில் அதன் களைப்பு. இனி விமானம் ஏறமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் விடுமுறைக்குக் காத்திருந்து லண்டனுக்குப் போய் வருகிறேன்.

போன மாதம் கோவிலில் பூசை முடிந்து நிற்கிறேன். உளுந்து ஊறப்போட்ட அந்தப் பெண் வந்தார். அக்காவின் சுகத்தை விசாரித்தார். கண்ணும் கலங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மனத்தாங்கலோடுதான் சொன்னார்:

"எண்டாலும் பாருங்கோ, எல்லாற்ற வீட்டையும் போனவ. எங்கட வீட்டை மட்டும் வராமல் போட்டா."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"அவவுக்குக் கிடைச்சதே நாலு நாள். அதிலை ரெண்டை நீங்கள் எல்லாருமாச் சேர்ந்து சாப்பிட்டிட்டியள். மற்ற ரெண்டையும் ஏன் தரேல்லை எண்டோ கேக்கிறியள்?"